பஞ்சு வைத்த காது

"வாய்க்கால்ல படுங்கடா! படு!"

பரமசிவம் அண்ணன் கத்துகிறார். எனக்கு அவர் வாய் அசைவது மட்டும் தெரிகிறது. குப்புற விழுகிறேன். பல்லெல்லாம் மண். மூன்றாவது குண்டு விழுகிறது. சத்தமாக இல்லை. நெஞ்சில் ஒரு குத்தாக. செவ்வாய்க்கிழமை. காலை பத்தே கால்.

ஜம்மு பக்கம், எல்லையை ஒட்டிய கோதுமைக் கொல்லை. போர்வெல் போடப் போனவர்கள் நாங்கள். பரமசிவம் அண்ணன் டிரில்லர். நான் கச்சிராயபாளையம், எட்டாவதோடு நின்றவன். சின்னசாமி கரியாலூருக்கு மேலே, மலைக்காரன். சண்டை நிறுத்தம் போட்டாச்சு, பயமில்லை என்று சொல்லித்தான் கூட்டிப்போனார்கள். நான் எதற்கும் பயப்படுகிறவன். கிளம்பும்போதே கேட்டேன்.

"ண்ணா, அங்க சுடமாட்டாங்களே?"

சின்னசாமி சிரித்தான். "ஒன்ன சுட்டு இன்னாடா பண்ணப் போறான்? குண்டுதான் வேஸ்ட்டு."

கம்ப்ரசர் ஓடினால் பக்கத்தில் நிற்பவன் பேச்சும் கேட்காது. காதில் பஞ்சு வைத்துக்கொள்வோம். எல்லாம் கை ஜாடைதான். பாதியில் நிறுத்தவும் மாட்டோம். நிறுத்தினால் துளையில் மண் இறங்கி ராடு மாட்டிக்கொள்ளும்.

முந்நூறு அடியில் ஈரம் தட்டியது. புழுதி சேறாக மாறியது. அப்போதுதான் நிலத்துக்காரர் வரப்பில் ஓடி வந்தார். இரண்டு கையையும் தலைக்கு மேலே ஆட்டிக்கொண்டு. தண்ணீர் வந்தால் எந்த ஊரிலும் நிலத்துக்காரர் அப்படித்தான் ஓடி வருவார். எத்தனை ஊரில் பார்த்திருக்கிறோம். சிரித்தோம். சின்னசாமி பதிலுக்குக் கையை ஆட்டினான். நானும் ஆட்டினேன். அவன் அவரைக் கட்டிக்கொள்ளப் போனான்.

அவருக்குப் பின்னால் தூரத்தில் புகை. அதுதான் முதல் குண்டு. அப்போது எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது அவர்கள் இரண்டு பேருக்கும் பக்கத்தில் விழுந்தது.

அவர் எங்காவது ஓடி ஒளிந்திருக்கலாம். பாஷை தெரியாத எங்களிடம் சொல்ல ஓடி வந்தார்.

ஆஸ்பத்திரியில் டிவி ஓடியது. ஒப்பந்தத்தை மீறியது அவர்கள் என்று இவர்கள். இவர்கள் என்று அவர்கள். ஊருக்கு வந்தேன். டீக்கடையிலும் அதே பேச்சு.

"மொதல்ல சுட்டது அவன்தான?"

"நம்மாளு மட்டும் சும்மாவா இருந்திருப்பான்? முந்தின நாளு இன்னா நடந்துச்சோ?"

"இவனக் கேளுங்கப்பா. இவன்தான் அங்க இருந்தான்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "காதுல பஞ்சு வெச்சிருந்தேங்க" என்றேன்.

"நல்ல சாட்சிடா நீ!" ஒருத்தர் சிரித்தார்.

குண்டு அந்தப் பக்கமிருந்து வந்தது. அது நிச்சயம். பதிலுக்குத்தான் போட்டோம் என்கிறார்கள் அவர்கள். இருக்கலாம். பதிலுக்குப் போட்டவனும் ஆள் நிற்கிற கொல்லையில்தானே போட்டான். இங்கிருந்து போன குண்டுக்கு அங்கே யார் வரப்பில் நின்றார்களோ. அதையும் நினைக்கிறேன்.

காலை பஸ்ஸில் மலைக்குப் போனேன். சின்னசாமியின் அம்மா சாமை புடைத்துக்கொண்டிருந்தார். யார் முதலில் சுட்டது என்று அவர் கேட்கவில்லை.

"எம்புள்ள எதுனா சொன்னானாப்பா?"

அடிபட்டுக் கிடந்தபோது அவன் வாய் அசைந்தது. பார்த்தேன். அதை மட்டும் சொன்னேன். அம்மா என்றுதான் கூப்பிட்டான் என்று சொல்லியிருக்கலாம். பொய்யாகிவிடுமோ என்று பயம். சொல்லாமல் விட்டது சரியா? இன்னும் தெரியவில்லை.

முறம் கையிலேயே இருந்தது. "நீயாச்சும் காதுல வாங்கியிருக்கக் கூடாதாடா" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

போனவர்களை எழுதுகிறேன். சின்னசாமி, வயது இருபத்து நாலு. நிலத்துக்காரர், மூன்று நாள் அவர் வீட்டு ரொட்டியைத் தின்றோம், பெயரைக் கேட்கவில்லை. அவருடைய எருமை ஒன்று. என் இடது காது. இந்தப் பக்கம் இரண்டு பேர். அந்தப் பக்கம் எத்தனை பேர் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவர்களுக்காகக் கீழே ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன்.