பொன் வளையம் தோன்றாத முட்டைகள்

மீன்தொட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவக் கூடாது என்பதைப் பலர் அறிவதில்லை. இராதாமணிக்கும் அதை நான்தான் சொன்னேன். பசுமலைக் கல்லூரி ஒன்றின் விலங்கியல் துறையில் இருவரும் ஒன்றாகச் சேர்ந்தோம். ஓய்வு பெற்ற பின்னும் ஒன்றாகவே ஆய்வகத்துக்கு வந்தோம்.

எங்கள் மீன்கள் ஆப்பிரிக்காவில், நம் கண்மாய்களைப் போலக் கோடையில் வற்றும் குட்டைகளில் பிறப்பவை. சில மாதங்களே வாழும். முட்டைகள் மட்டும் மண்ணில் உறங்கி மழைக்குப் பொரியும். நாங்கள் அவற்றைத் தேங்காய் நார்த்தூளில் உறங்க வைப்போம். தந்தையிடமிருந்து ஒய் குரோமோசோம் பெற்றது ஆண், பெறாதது பெண். ஆயுள் முழுவதும் இதைத்தான் கற்பித்தேன்.

இராதாமணியின் தொட்டியில், ஒய் இருந்தும் ஒரு மீன் முட்டையிட்டது.

"செல்வியக்கா, இதப் பாருங்களேன். இந்தக் கழுதை உங்க கிளாசுக்கே வந்ததில்ல போல," என்றாள். ஆய்வகமே சிரித்தது.

மூக்குக்கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டே தேடுகிறவளுக்கு அது வாய்த்தது. வெளிநாட்டிலிருந்தும் அவளையே அழைத்தார்கள். நான் பொறாமைப்படவில்லை. முறை தவறியதே என்று வருந்தினேன்.

அந்த மீன் இறந்தது. அதன் வம்சம் முட்டைகளில் மட்டுமே எஞ்சியது. கருவின் கண்ணைச் சுற்றிப் பொன் வளையம் தோன்றிய பிறகே நனைக்க வேண்டும். முந்தினால் குஞ்சுகள் பொரியும், நீந்தமாட்டா. அடியில் வயிற்றைத் தேய்த்துக் கிடந்து சாகும்.

இராதாமணிக்குப் பார்வை மங்கியிருந்தது. "வளையம் மின்னுதாக்கா?" என்று கேட்டாள்.

நுண்ணோக்கியில் பார்த்தேன். இல்லை. "மின்னுது, நனைச்சுரு," என்றேன்.

ஒரு வாரம் குனிந்தபடி, நீந்தாமல் கிடந்த குஞ்சுகளுக்குச் சொட்டுச் சொட்டாக இரை கொடுத்தாள். எல்லாம் செத்தன. "தண்ணிலதான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன்க்கா," என்று அழுதாள்.

"இருக்கும். நீ எதுலதான் நிதானமா இருந்த?" என்றேன். தோளைத் தட்டியும் கொடுத்தேன்.

நார்த்தூளோடு முட்டைகளைக் கட்டிவைத்த பை ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. "எங்கண்ண நம்ப முடியல. நீங்க எப்பச் சொல்றீங்களோ அப்ப நனைக்கிறேன்," என்று கொண்டுவந்தாள். அன்றும் வளையம் இல்லை. அன்றும் மின்னுகிறது என்றே சொன்னேன்.

காட்டுவதற்கு ஒரு மீனும் இல்லாததால், விசாரணைக் குழுவினரான நீங்கள் அவள் பொய் சொன்னாள் என்று முடிவெழுதப் போகிறீர்கள். அது பிழை. பிழையானதைப் பதிவில் விட என்னால் இயலாது. அவள் கண்டது மெய். அழித்தவள் நான்.

காரணம் பொறாமை என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆனால், அத்தனை பேர் இருந்த ஆய்வகத்தில் அவள் என்னைத் தவிர வேறு எவரையும் கேட்கவில்லை என்பதையும் மறவாமல் சேர்த்தெழுதுங்கள்.