இடது பட்டன்

வீடியோ கேம் ஆடுகிற சீன ஜாய்ஸ்டிக் மட்டம் என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் அதைக் கையால் தொட்டிருக்க மாட்டார்கள், மேடம். நான் தொட்டிருக்கிறேன். கழற்றி, உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை மாற்றி, மறுபடி பூட்டியிருக்கிறேன். ஜப்பான் குச்சி இதமாக வளையும். கொரியாக் குச்சி ரப்பரில் நிற்பதால் விட்டவுடன் நடுவுக்குத் திரும்பிவிடும். சீனக் குச்சி லொடலொடக்கும், ஆனால் உழைக்கும். புள்ளிகளைத் தின்றுகொண்டு ஓடுகிற பழைய ஆட்டத்துக்கு நாலு பக்கம் மட்டும் அசையும் குச்சி வேண்டும். சண்டை ஆட்டத்துக்கு எட்டுப் பக்கம். இதையெல்லாம் தமிழில் பொறுமையாகச் சொல்ல ஆள் இல்லை என்றுதான் யூடியூபில் சேனல் ஆரம்பித்தேன்.

பெயர் மதிவாணன். காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் எலக்ட்ரீஷியன். என் சிநேகிதன் ராபின் அங்கேயே ஆபரேட்டர். தகட்டை வைத்து மெஷினில் அடித்து எடுப்பவன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் என் வீட்டுக்கு வந்துவிடுவான். நான் பேசுவேன், அவன் ஆடுவான், அவன் கைகளை மட்டும் போனில் எடுப்பேன். இடது கை குச்சியில், வலது கை பட்டன்களில்.

நல்ல கை. அதை நான் மறுத்ததே இல்லை.

போன பொங்கல் லீவில் மூன்று குச்சிகளிலும் ஒரே ஆட்டத்தை ஆடி ஒப்பிட்டோம். ஜப்பான் குச்சிதான் ஜெயிக்கும் என்று நான் முன்பே விளக்கமாகப் பேசி வைத்திருந்தேன். ராபின் சீனக் குச்சியில்தான் அதிகப் புள்ளி எடுத்தான். அதோடு விட்டிருக்கலாம். கேமராவைப் பார்த்துச் சிரித்தான்.

"குச்சில இன்னா கீது மச்சி? எல்லாம் கைதான். நீ சும்மா பேசிக்கினு கீற."

அந்தத் துண்டை மட்டும் யாரோ வெட்டிப் போட்டார்கள். நான் பேசிய அத்தனை வீடியோவையும் பார்த்தவர்களைவிட அதைப் பார்த்தவர்கள் அதிகம். கேன்டீனில் நான் ஸ்பூன் கேட்டால், "ஸ்பூன்ல இன்னா கீது?" என்றார்கள். என் மனைவி நந்தினியும் சிரித்தாள். நான் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த ஞாயிறும் ராபினுக்கு டீ போட்டுக் கொடுத்தேன்.

அந்தக் கையைப் புரிந்துகொள்ள ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். வீடியோக்களை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. இடது கை தன் வேலையை முடிப்பதற்கு முன்பே அவன் வலது கை பட்டன்மேல் இறங்கிவிடும். எந்தக் குச்சியைக் கொடுத்தாலும் அப்படித்தான். ஷாப்பில் போய்க் கவனித்தேன். அங்கேயும் இடது கை தகட்டை நேராக்கிக்கொண்டிருக்கும்போதே வலது கை பட்டனை அமுக்கிக்கொண்டு காத்திருந்தது.

எங்கள் பிரஸ்ஸில் இரண்டு பட்டன்கள். இரண்டையும் அமுக்கினால்தான் மேல்பாகம் இறங்கும். இரண்டு கையும் வெளியே இருக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு. பழைய மெஷின். இடது பட்டனுக்குப் பின்னால் ஒரு துண்டு ஒயரைச் சேர்த்துவிட்டால், அது எப்போதும் அமுங்கியே இருப்பதாக மெஷின் எடுத்துக்கொள்ளும். வலதை மட்டும் அமுக்கினாலே மேல்பாகம் இறங்கிவிடும்.

ராபின் நாஷ்டாவுக்குப் போயிருந்தபோது சேர்த்தேன்.

திரும்பி வந்தவன், "சாப்ட்டியா மச்சி?" என்று கேட்டான். சாப்பிட்டேன் என்றேன். அவன் தகட்டை வைத்தான்.

எல்லோரும் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது மெயினை அணைத்தது நான்தான். எலக்ட்ரீஷியன் மெஷின் பக்கத்தில் நின்றால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஒயரை எடுத்துவிட்டேன். சீக்கிரம் அடிப்பதற்காகச் சில ஆபரேட்டர்கள் இடது பட்டனில் அட்டையைச் செருகி வைப்பதுண்டு. ராபினும் அதைத்தான் செய்திருப்பான் என்று சூப்பர்வைசர் சொன்னார். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் அவன் மனைவி ஜெபா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அண்ணா, அட்ட வெச்சது நெசமா? வேலய சீக்கிரம் முடிச்சிட்டு வெளாட ஓடணும்னு வெச்சிக்கினாரா?"

எனக்குத் தெரியாது என்றேன். அன்றிலிருந்து அவள் அவனுக்குச் சட்டைப் பட்டன் போட்டுவிடுவாள், முகத்தைப் பார்க்க மாட்டாள்.

ராபினே குழம்பிப்போனான். "வெச்சனா இல்லியான்னே நெனப்பு வரல மச்சி. வெச்சிருப்பேன் போல."

"நீ வைக்கலடா" என்றேன்.

"நீ ஒர்த்தன்தான் அப்டி சொல்ற" என்று என் தோளில் முகத்தை வைத்து அழுதான். முதுகைத் தட்டிக்கொடுத்தேன். நான் சொன்னது உண்மைதானே.

பிறகு அவனுக்கென்று ஒரு பெட்டி செய்தேன். குச்சி வலது கைக்கு. இடது மணிக்கட்டால் அமுக்கப் பெரிய பட்டன்கள். பலகையை நானே அறுத்து, முனைகளைத் தேய்த்தேன். போன ஞாயிறு மறுபடி வீடியோ எடுத்தோம். நன்றாகவே ஆடினான். முடிந்ததும் கேமராவைப் பார்த்து, "என் கவனக்கொறவால போன கை இது. மெஷின்ல வேல செய்றவங்க ஜாக்கிரதயா இருங்க" என்றான். எங்கெங்கிருந்தோ பாராட்டினார்கள்.

அதனால்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன், மேடம். யாரும் என்னை இழுத்து வரவில்லை. சிநேகிதன்மேல் வீண் பழி நிற்கக் கூடாது, அவ்வளவுதான். ஜெபாவிடமும் சொல்லிவிடுங்கள். எந்த முனையில் ஒயரைச் சேர்ப்பது, அவன் எந்தக் கையை முதலில் வைப்பான், எப்போது அதை எடுப்பது என்று ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துச் செய்தவன் நான். அதைப் போய்க் கவனக்குறைவு என்கிறான்.