முட்டாத வரப்பு

தேர்வு மேற்பார்வைக்குப் போகும் நாளில் நான் ரப்பர் செருப்புத்தான் போடுவேன். தோல் செருப்பு கிறீச்சிடும், எழுதுகிற பிள்ளைகளுக்குக் கவனம் சிதறும். என்னால் ஒரு பிள்ளைக்கும் இடைஞ்சல் வரக் கூடாது என்று இத்தனை வருடமும் பார்த்துப் பார்த்து நடந்தவன் நான். அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். டீயைக் குடியுங்கள், ஆறினால் எங்கள் கேன்டீன் டீயை வாயில் வைக்க முடியாது.

எங்கள் கல்லூரியில் எந்தத் துறையில் சேர்ந்தாலும் முதலாண்டில் அடிப்படைக் கணிதம் உண்டு. எல்லாருக்கும் ஒரே நாள், ஒரே கேள்வித்தாள். அதைத் தயாரிப்பது நான். எழுதி முடித்ததும் விடைத்தாளில் பெயர்ச் சீட்டைக் கிழித்துவிட்டு வேறொரு எண் போட்டு எங்களிடம் தருவார்கள். ஆளுக்கு ஒரு கேள்வி என்று பிரித்துக்கொண்டு சுற்றி உட்கார்ந்து திருத்துவோம். பதினாலாம் கேள்வி என்றால் அத்தனை தாளிலும் ஒரே ஆளின் கைதான். ஓரவஞ்சனை என்ற பேச்சுக்கே இடமில்லை.

பல்கலைக்கழகத்திலிருந்து நீங்கள் விசாரிக்க வந்திருப்பது முனீஸ்வரியைப் பற்றி. வாடிப்பட்டிப் பெண், நெல் போடுகிற குடும்பம். சேர்க்கையன்று அவளுடைய அப்பா தங்கப்பாண்டி அவளை வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "ஒரு பேப்பர்ல போனாலும் நிப்பாட்டிருவேன் சார். சமயநல்லூர்ல மாப்ள தயாரா இருக்கான்." அந்தப் பெண் தலையை நிமிர்த்தாமல், "போகாதுப்பா" என்றாள். ஆகவே அவளுக்கு ஒரு தாள் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிற ஆள் நான் இல்லை.

தேர்வன்று நான்தான் அவள் அறையில் மேற்பார்வை. எல்லாரும் எழுத ஆரம்பித்த பிறகும் அவள் பேனா மூடியைக்கூடத் திறக்கவில்லை. பாவமாக இருந்தது. பக்கத்தில் போய் ஆறுதலாக இரண்டு வார்த்தை சொன்னேன். என்ன சொன்னேன் என்பதற்குப் பிறகு வருகிறேன். அதற்கப்புறம் மடமடவென்று எழுதினாள்.

பாதி நேரம் கழித்து எழுந்து என் மேசைக்கே வந்துவிட்டாள். பதினாலாம் கேள்வி: முக்கோண வயல் ஒன்றின் பக்கங்கள் நாற்பது, ஐம்பது, நூறு மீட்டர், பரப்பளவு காண்க.

"சார், நாப்பதும் அம்பதும் சேந்தாலே தொண்ணூறுதான வருது. இந்தப் பக்கம் நூறுன்னா வரப்பு முட்டாது சார்."

எழுபது என்று அடிக்க வேண்டிய இடத்தில் நூறு என்று அடித்திருக்கிறேன். பார்த்த உடனே தெரிந்துவிட்டது, அதையும் மறைக்கவில்லை. அடுத்த மாதம் என்னைத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலராக நியமிக்க இருந்தார்கள். அப்படிப்பட்டவன் இல்லாத ஒரு வயலைத் தாளில் போட்டான் என்றால் கல்லூரி முழுக்கச் சிரிக்கும்.

"கேள்வி சரியாத்தான் இருக்கு. உக்காந்து எழுதும்மா" என்றேன்.

திருத்தும்போது பதினாலாம் கேள்வியை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். எதிர்பார்த்தபடிதான் இருந்தது. சூத்திரத்தில் போட்டால் வர்க்கமூலத்துக்குள் கழித்தல் குறி வரும். அத்தனை பேரும் அந்தக் குறியை அழித்துவிட்டு ஆயிரத்துச் சொச்சம் என்று ஒரு விடையை எழுதி அடிக்கோடும் போட்டிருந்தார்கள். நம் பிள்ளைகள் கேள்வியைச் சந்தேகப்பட மாட்டார்கள், தங்களைத்தான் சந்தேகப்படுவார்கள். பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படிப் பழக்கி வைத்திருக்கிறோம். எல்லாருக்கும் முழு மதிப்பெண் போட்டேன். நான் கை இறுக்கமான ஆள் இல்லை.

ஒரே ஒரு தாளில், "இப்படி ஒரு வயல் இருக்க முடியாது" என்று எழுதிப் படம் வரைந்து நிரூபித்திருந்தது. யார் தாள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பூஜ்யம் போட்டால் மறுமதிப்பீடு கேட்பாள், வெளி ஆள் பார்ப்பார். முழு மதிப்பெண் போட்டால் மற்றவர்களுக்கு எப்படிப் போட்டாய் என்ற கேள்வி வரும். பிறகு முதல் பக்கத்தைத் திருப்பினேன். உச்சியில் சின்ன எழுத்தில், "சோணைசாமி துணை."

ஆளைக் காட்டும் எதையும் விடைத்தாளில் எழுதக் கூடாது, எழுதினால் மால்பிராக்டிஸ், தேர்வு முறைகேடு. அந்தத் தாளைத் திருத்தாமல் உறையில் போட்டு ஒட்டி, முறைகேடுகளை விசாரிக்கிற கமிட்டிக்கு அனுப்ப வேண்டும். ஒட்டிய உறையை மறுமதிப்பீட்டுக்குப் பிரிக்க மாட்டார்கள். இந்த விதியை நான் உண்டாக்கவில்லை.

உறையில் போடச் சொல்லிப் பக்கத்தில் இருந்த தாமரைச்செல்வி மேடத்திடம் கொடுத்தேன். அவர் புதிதாகச் சேர்ந்தவர். "பாதிப் பிள்ளைக பிள்ளையார் சுழி போட்டுத்தான் சார் எழுதியிருக்கு. இதுவும் அம்புட்டுத்தானே" என்றார்.

"சுழி எல்லாருக்கும் பொது மேடம். குலசாமி ஆளைக் காட்டிக் குடுத்துரும்" என்றேன். உறையில் போடுமுன் அவர் பதினாலாம் விடையைப் படித்திருக்கிறார். அது பிற்பாடு அவர் உங்களுக்கு அனுப்பிய புகாரில்தான் எனக்குத் தெரிந்தது.

கமிட்டியில் நானும் ஓர் உறுப்பினர். முனீஸ்வரி வந்து நின்றாள். ஏன் எழுதினாய் என்று முதல்வர் கேட்டார்.

"சார்தான் எழுதச் சொன்னாரு" என்று என்னைப் பார்த்தாள். முகத்தில் கோபமே இல்லை. சார் இருக்கிறார், ஆமாம் என்பார், வீட்டுக்குப் போய்விடலாம் என்ற நிம்மதிதான் இருந்தது.

நான் அப்படி எதுவும் சொல்லவில்லை என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னப் பிள்ளை, பயத்தில் உளறுகிறது, வருடத்தை ரத்து செய்ய வேண்டாம், இந்த ஒரு தாளை ரத்து செய்வதோடு விட்டுவிடலாம் என்று நானே பரிந்து பேசினேன். அதன்படியே முடிந்தது.

தங்கப்பாண்டி நன்றியுள்ள மனிதர். கல்யாணப் பத்திரிகையை என் வீட்டுக்கே கொண்டுவந்து வைத்தார். "நீங்க இல்லேன்னா புள்ளைக்கு வருசமே போயிருக்கும்னு சொன்னாக சார். குடும்பத்தோட வந்துறணும்." போனேன். மேடையில் முனீஸ்வரி என்னைப் பார்த்து, "சாப்ட்டுப் போங்க சார்" என்றாள். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

இனி அந்த இரண்டு வார்த்தை. "உங்க குலசாமி யாரும்மா?" என்று கேட்டேன். சோணைசாமி என்றாள். "அந்தப் பேரை மேல எழுதிட்டு ஆரம்பி, எல்லாம் நல்லா வரும்" என்றேன். அன்றைக்கு நல்ல மனதோடுதான் சொன்னேன். கமிட்டியில் சொன்னது பொய். கேள்வி தவறு, அவள் விடைதான் சரி என்று தெரிந்தேதான் உறையை ஒட்டச் சொன்னேன். அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஆனால் அந்தப் பெண்ணின் மதிப்பெண்ணில் நான் கை வைத்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவள் தாளில் என் பேனா பட்டதே இல்லை.