வெட்டுக்கிளிக்குப் பின்பாரம்

அதிகாலை நாலே கால்... நீர்த்தேக்கத்துக்கு மேலே ஏறி இறங்கும் சாலை. இருபத்தோரு வளைவு. ஒரு விளக்கு இல்லை, ஒரு கடை இல்லை.

கரண்ட் வரும்வரை ஏதாவது சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். ஆனால் ஒன்று. இது நம் வீட்டில் நடந்ததில்லை. நம் வீட்டில் இப்படியெல்லாம் நடக்காது. என் நண்பரின் மைத்துனனுக்கு நேர்ந்தது. அவன் வாயாலேயே கேட்டேன். பெயர் சொல்லமாட்டேன், கண்ணியமான குடும்பம். அந்த மெழுகுவர்த்தியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், திரைச்சீலை பற்றிக்கொள்ளும்.

அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகள். மூத்தவன் மெக்கானிக். அப்பா தொடங்கிய பட்டறை, நாற்பது வருடப் பேர். இளையவன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவன். நாலு வருடம் ஆசைப்பட்டு ஒரு பைக் வாங்கினான். சூப்பர்மோட்டோ என்பார்கள். காட்டிலும் மேட்டிலும் ஓட்டுகிற வண்டியின் உயரமான உடம்பு. ஆனால் தார்ச்சாலைக்கான வழுவழுப்பான டயர். ஒற்றை சிலிண்டர். எடையே இல்லை, ஒரு ஆள் தனியாகப் பின்பக்கத்தைத் தூக்கித் திருப்பி வைத்துவிடலாம். அதைப் பார்த்த அன்றே அப்பா சொன்னார்:

“இது என்னடா, வெட்டுக்கிளிக்கு நம்பர் பிளேட் மாட்டிக் கூட்டிட்டு வந்திருக்க?”

அதிலிருந்து வெட்டுக்கிளிதான் பெயர். திட்டினாரே தவிர, அவன் அதைத் துடைக்கும்போது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாராம்.

ஒற்றை சிலிண்டரில் ஒரு தொல்லை உண்டு. அதிர்வு. நட்டுகள் தானாகக் கழலும். அதற்கு மூத்தவனிடம் ஒரு முறை இருந்தது. நட்டை இறுக்கி முடித்ததும், மஞ்சள் பெயின்ட் பேனாவால் நட்டின் மேல் தொடங்கி வண்டியின் இரும்புச் சட்டம் வரை ஒரு கோடு இழுப்பான். கோடு நேராக இருந்தால் நட்டு அசையவில்லை. விலகியிருந்தால் தளர்ந்துவிட்டது. இளையவன் நட்டைத் தொட்டுப் பார்க்கமாட்டான். கோட்டைத்தான் பார்ப்பான்.

ஒரு நாள் மூத்தவன் பின்சக்கரத்துக்குப் புது டயர் போட்டான். அச்சின் நட்டைக் கையால் திருகி நிறுத்தினான். பெரிய ஸ்பேனரைப் பக்கத்துப் பட்டறைக்காரர் வாங்கிப் போயிருந்தார். வரட்டும் என்று காத்திருந்தான். கையில் பேனா இருந்தது... கோட்டை முதலில் போட்டுவிட்டான்.

ஸ்பேனர் வந்தது. கூடவே பிரேக் பிடிக்காத ஒரு வேனும் வந்தது. அதன் அடியில் போய்ப் படுத்தான். மறந்துபோனான்.

மாலையில் இளையவன் வந்தான். குனிந்து பார்த்தான்.

“அண்ணே, எடுத்துட்டுப் போகலாமா?”

வேனுக்கு அடியிலிருந்தே பதில் சொன்னான் மூத்தவன்: “மஞ்சக்கோடு போட்டிருக்குல்ல? ஊருக்கே கண்ணாடி மாட்டி விடுற, உனக்குக் கண்ணு தெரியலையா?”

இளையவன் சிரித்துக்கொண்டே, ஷூ மாட்டிய காலைத் தூக்கிப் போட்டு ஏறிக் கிளம்பினான். நீர்த்தேக்கத்து மலைச் சாலையில், பன்னிரண்டாவது வளைவில் கிடந்தான். தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம்... உயிர் இல்லை.

வண்டிக்குப் பெரிய சேதமில்லை. பட்டறைக்கு வந்ததும் மூத்தவன் பார்த்தான். அச்சில் நட்டு இல்லை. சட்டத்தில் பாதி மஞ்சள் கோடு மட்டும் இருந்தது. அப்பாவிடம் சொன்னான். அவர் உடனே ஷட்டரை இழுத்து மூடினார்.

“நாப்பது வருஷம். நம்ம பட்டறையில இறுக்குன நட்டு கழண்டுச்சுன்னு ஒருத்தன் சொன்னதில்ல. இனியும் சொல்லக் கூடாது. வேகமா போனான், விழுந்தான். அவ்வளவுதான்.”

ஊர் சும்மா இருக்குமா? ஏன் வேகமாகப் போனான் என்று கேட்டது. அன்று காலை குழாய் ஒழுகியதற்காக இளையவனுக்கும் அவன் பெண்டாட்டிக்கும் நாலு வார்த்தை வந்திருந்தது. பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருந்தது. அது போதும். கோபத்தில் அனுப்பினாள், வேகத்தில் போனான் என்று ஆயிற்று. பெரியவர் அதை மறுக்கவில்லை. மூத்தவனும் மறுக்கவில்லை.

மூன்றாம் வாரம் அந்தப் பெண் துணிமணியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மலைக்கு அந்தப் பக்கம் தனி அறை. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கும் வேலை. அங்கேயும் பேச்சு போய்ச் சேர்ந்தது. ஒரு அம்மாள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டு, “இவ வேணாம், வேற யாரையாவது குத்தச் சொல்லுங்க” என்றாளாம்.

பெரியவரை நான் குறை சொல்லமாட்டேன். குடும்ப மானத்தைக் காப்பது வீட்டுத் தலைவனின் வேலை. நானும் அப்படி வளர்ந்தவன்தான். ஆனால் மூடி மறைத்தால் அந்தப் பாரம் யார் தலையில் இறங்குகிறது என்று பார்த்திருக்க வேண்டும்... அவர் பார்க்கவில்லை.

எட்டு மாதம் கழித்து வண்டியை விலைக்குக் கேட்டு ஆள் வந்தது. மலைக்கு அந்தப் பக்கத்து ஊர். வேலைக்குப் போகுமுன் பார்க்கவேண்டும், ஆறு மணிக்குள் வா என்றான். பெரியவரும், “ஊரு முழிக்கிறதுக்குள்ள அது போயிடணும்” என்றார். மூத்தவன் எல்லா நட்டையும் இறுக்கினான். இரண்டு தடவை. அப்புறம்தான் கோடு போட்டான். நாலே காலுக்கு மலை ஏறினான்.

டப்... டப்... டப்... டப்... பாறையில் பட்டு எதிரொலித்தது. பனி. ஈரத் தழை வாசனை. எதிரே ஒரு வண்டி வரவில்லை.

மூன்றாவது வளைவு தாண்டியதும், விளக்கு வெளிச்சம் சாலையை விட்டு மேலே ஏறியது.

முதலில் அவனுக்குப் புரியவில்லை. சாலை இருட்டாக இருந்தது; மரத்தின் உச்சிக்கிளை பளிச்சென்று தெரிந்தது. ஹேண்டில் லேசாயிற்று. பின்பக்கம் அழுந்தியது. எடை இல்லாத வண்டி அல்லவா, ஒரு மூட்டை ஏற்றினாலும் மூக்கைத் தூக்கிவிடும்.

நிறுத்தினான். இறங்கினான். சீட்டு காலி. பின்பக்கத்தை அழுத்திப் பார்த்தான். ஸ்பிரிங் சரியாகத்தான் எழும்பியது. மஞ்சள் கோடு நேராக இருந்தது.

ஏறினான். பத்தடி போனான். வெளிச்சம் மறுபடி மரத்துக்கு ஏறியது...

என்ன மாப்பிள்ளை, பேய் ஹெல்மெட் போடுமா என்றா கேட்கிறீர்கள்? கேளுங்கள், கேளுங்கள். அந்த ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது நீங்கள்தான்.

பழக்கமில்லாதவரைப் பின்னால் ஏற்றினால் வளைவில் எதிர்ப்பக்கம் சாய்வார்கள். ஓட்டுகிறவனுக்கு உயிர் போகும். இது அப்படியில்லை. இவன் சாய்வதற்கு ஒரு கணம் முன்னாலேயே அந்தப் பாரம் சாய்ந்தது. இடம்... வலம்... மறுபடி இடம். இருட்டில், அடுத்து எந்த வளைவு வரும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. இவனைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

ஒன்பது. பத்து. பதினொன்று.

பன்னிரண்டாவது வளைவில் அது சாயவில்லை.

நேராக உட்கார்ந்திருந்தது. வண்டி திரும்ப மறுத்துத் தடுப்புச் சுவரை நோக்கிப் போனது. மூத்தவன் காலை ஊன்றினான். செருப்பு தேய்ந்து கிழிந்தது. சுவருக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது. என்ஜினும் நின்றது. கீழே தண்ணீர் கரையைத் தட்டும் சத்தம் மட்டும்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து வரவில்லை என்றான். முன்னால் பார்த்தபடியே வாய்விட்டுச் சொன்னான்:

“கோடு மட்டும்தான்டா போட்டேன். இறுக்கல. நான்தான் இறுக்கல.”

பாரம் இறங்கவில்லை.

“அவகிட்ட சொல்லிடுறேன்டா.”

ஸ்டார்ட்டரைத் தொட்டான். முதல் தொடுதலிலேயே என்ஜின் பிடித்தது. அடுத்த வளைவில் அது இவனோடு சேர்ந்து சாய்ந்தது.

வண்டி வாங்க வந்தவன் வீட்டுக்கு அவன் போகவில்லை. ஐந்தரைக்கு அந்தப் பெண்ணின் அறைக்குக் கீழே வந்து நின்றான். அவள் வேலைக்குக் கிளம்பி, கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். வண்டிச் சத்தம் கேட்டதும் சாவி கையிலேயே நின்றுவிட்டது. திரும்பி, இவனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

படிக்கட்டின் கீழ் நின்றே எல்லாவற்றையும் சொன்னான். டயர், பேனா, வேன், அப்பா ஷட்டரை மூடியது. மலையில் நடந்ததை மட்டும் சொல்லவில்லை. பைத்தியம் என்பாள் என்று பயந்தான்.

அவள் அழவில்லை. கேட்டு முடித்தாள்.

“எங்கிட்ட சொல்லி என்ன ஆகப் போகுது அத்தான்? உங்கப்பா முன்னாடி சொல்வீங்களா? அந்தப் பக்கத்து வீட்டுக்காரங்க காதுல விழுற மாதிரி சொல்வீங்களா?”

“சொல்றேன்மா.”

“இப்பவே?”

“இப்பவே. நீயும் வா. ஏறிக்க.”

வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அவள் படியிறங்கி வந்தாள். வெளுக்கத் தொடங்கியிருந்தது. வண்டியின் பின்பக்கம் வந்தவள், சட்டென்று மூக்கைச் சுளித்தாள். ரப்பர் கருகும் நாற்றம்.

அந்த வண்டியில் பின்னால் உட்காருகிறவர் கால் வைக்க ஒன்றுமே கிடையாது. எடை குறைக்க இளையவன் அவற்றைக் கழற்றிப் போட்டிருந்தான். வலப்பக்கம் சைலன்சர் மட்டும் சீட்டுக்குக் கீழே மேல்நோக்கிப் போகும். கால் தொங்கினால் அதன்மேல்தான் படும்.

சைலன்சரில் கறுப்பாக ஒரு அடையாளம் இருந்தது. ஒரு ஷூவின் அடிப்பாகம் உருகி ஒட்டியது போல. வரிவரியாக. அப்போதும் மெல்லப் புகைந்துகொண்டிருந்தது.

மூத்தவன் தன் காலைப் பார்த்தான். கிழிந்த தோல் செருப்பு.

அவள் குனிந்து, அந்த வரிகளை வெகுநேரம் பார்த்தாள். தொடவில்லை. பிறகு நிமிர்ந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

“நீங்க முன்னாடி போங்க அத்தான். நான் பஸ்ஸுல வரேன்... அவரு இன்னும் இறங்கல.”