வாய்க்கால் கீழத்தெருவுக்கு இனி ஏழு மணிக்குத் தண்ணீர்

பொருநைத் தாயின் புனலைப் பொழுதறிந்து பங்கிட்ட பெருந்தகையே! பதினோரு வால்வுகளின் பாட்டுடைத் தலைவியே! முப்பத்தோரு ஆண்டுகளாக எங்கள் குடங்களை நிறைத்து, இன்று பணி நிறைவு பெற்று எங்கள் கண்களையும் நிறைத்துவிட்ட நகராட்சிக் குடிநீர்ப் பிரிவின் கோமு அக்கா அவர்களே! வணக்கம், வணக்கம்!

மாலையும் கழுத்துமாய் மேடையில் வீற்றிருக்கும் தாங்கள், இரண்டு கைகளையும் பொன்னாடைக்குள் ஒளித்து வைத்திருப்பதைப் பார்க்கிறோம். அஞ்ச வேண்டாம். இன்று இங்கே யாரும் தங்கள் கையைப் பிடித்துக் குலுக்கமாட்டார்கள். வாசலிலேயே சொல்லி அனுப்பியிருக்கிறோம். மீறிக் குலுக்குகிறவர் வீட்டுக் குழாயில் நாளை காற்று மட்டும் வந்தால் குடிநீர்ப் பிரிவு பொறுப்பாகாது.

கணவரை இழந்த கண்ணீர் காயும் முன்னே, அவர் பார்த்த வேலையைக் கருணை அடிப்படையில் பெற்று, கையில் ஐந்தடி இரும்புச் சாவியோடு தாங்கள் தெருவில் இறங்கிய நாளில், "பொம்பளையா வால்வு திறக்கப் போறா?" என்று சிரித்த வாய்கள் எத்தனை! தரையில் பதித்த இரும்பு மூடியைத் தூக்கி, சாவியைக் குழிக்குள் இறக்கி, பதினெட்டுச் சுற்றுச் சுற்றினால்தான் ஒரு வால்வு திறக்கும். பதினோரு வால்வுக்கும் கணக்குப் போட்டால் நமக்கே தலை சுற்றும். தேரோட்டத்தன்றும் திறந்தீர்கள், தேர்தலன்றும் திறந்தீர்கள், தங்கள் மகள் கழுத்தில் தாலி ஏறிய அன்றும் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு திறந்தீர்கள். சிரித்த வாய்களெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் கொப்பளித்தன.

எட்டு ஆண்டுகளுக்கு முன்பு அந்தக் கைகளுக்கு வந்தது முடக்குவாதம். விரல் கணுக்கள் நெல்லிக்காயாய் வீங்கின. மற்ற நேரமெல்லாம் எப்படியோ சமாளிக்கலாம். விடியற்காலையில் மட்டும் விரல்கள் மடங்க மறுக்கும். ஏழு மணி ஆனால்தான் அவை தங்கள் சொல் கேட்கும். ஊருக்கோ ஐந்து மணிக்குத் தண்ணீர் வேண்டும். இந்த இரண்டு மணி நேரம்தான் தங்கள் வாழ்வின் பெரும் வழக்காயிற்று.

தாங்கள் சொல்லாமல் இருந்தீர்களா? கேட்டவர்க்கெல்லாம் சொன்னீர்கள். "இது வயசுக்கு வார மூட்டுவலி இல்ல. உடம்புக்குக் காவலுக்கு வெச்ச போலீசே வீட்டாளைப் போட்டு அடிக்கான், அந்த மாதிரி. மருந்து தின்னா அடங்கும், முழுசா போவாது" என்று டாக்டர் சொன்னதை அழகாய் விளக்கினீர்கள். ஊர் என்ன சொன்னது? ஒருவர் தயிரை விடச் சொன்னார். ஒருவர் வேப்பெண்ணெய் தடவச் சொன்னார். அடுத்த தெருவில் பீடி சுற்றும் ஷரீபா பீவி வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "நாளைக்கு ஆயிரம் பீடி சுத்துத எனக்கே வராத விரல்வலி, சாவி திருகுத உனக்கு மட்டும் எங்கேந்து வந்துச்சு?" என்று கேட்டதைத் தெருவே ரசித்தது.

இந்த இடத்தில் காசிலிங்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் பிரிவில் குழாய்க்குக் குழி வெட்டும் காசிலிங்கம்தான். குடியிருப்பதும் தங்கள் வாய்க்கால் கீழத்தெருவிலேயே. பகலெல்லாம் மண்வெட்டி பிடித்து மரத்துப்போன கையால், நாற்பத்தாறாம் வயதில் முதியோர் வகுப்பில் அ, ஆ படித்து அப்போதுதான் முடித்திருந்தான். தெருக்காரர்கள் அவனைச் சூழ்ந்தார்கள். "நீதாம்லே இப்பம் எழுதப் படிச்சவன். ஆபீசுக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போடு" என்றார்கள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பிறந்ததிலிருந்து அவனிடம் யாரும் எதையும் எழுதித் தரச் சொன்னதில்லை. மூன்று நாள் உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினான். "கோமு என்பவர் இழுத்துப் போர்த்தித் தூங்குவதால் எங்கள் குடங்கள் காய்கின்றன" என்பது அதில் அவனுக்கே மிகவும் பிடித்த வரி. கற்ற எழுத்தால் அவன் செய்த முதல் காரியம் அது. கூடவே வேலை பார்க்கும் அக்காவைப் பற்றி!

உதவிப் பொறியாளர் அம்பலவாணன் ஐயா தங்களை அழைத்து விளக்கம் கேட்டார். டாக்டர் சீட்டைக் காட்டினீர்கள். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "சீட்டு சரிதாம்மா. ஆனா ஊர்க்காரன் சீட்டையா குடிப்பான்? அஞ்சு மணிக்கு முடியாதுன்னா சொல்லு, மேட்டுத் தொட்டிக்கு மாத்திருதேன்" என்றார். மேட்டுத் தொட்டிக்கு எழுபத்திரண்டு படி. அன்று முதல் தாங்கள் இரண்டரை மணிக்கே எழுந்து, வெந்நீரில் விரல்களை ஊறவைத்துக் கெஞ்சிக் கூத்தாடி மடக்கி, ஐந்து மணிக்கு வால்வைத் திறந்தீர்கள். தெரு என்ன சொன்னது தெரியுமா? "பாத்தியா, மனு போட்டதும் தண்ணி டாண்ணு வருது. அம்புட்டும் சோம்பல்!" காசிலிங்கம் அதைக் கேட்டு மார்பை நிமிர்த்திக்கொண்டு நடந்தான். ஆறு ஆண்டு நடந்தான்.

பிறகு வந்தார் நடிகை சித்ரலேகா. தினமும் தொலைக்காட்சியில் மாமியாராக வந்து மருமகளை ஓட ஓட விரட்டுகிறவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன், தமக்கு முடக்குவாதம் இருப்பதாகக் கையை விரித்துக் காட்டி ஒரு வீடியோ போட்டார். இரண்டு நிமிட வீடியோ. தாங்கள் ஆறு ஆண்டு சொல்லி ஏறாதது இரண்டு நிமிடத்தில் ஏறிவிட்டது! தெருவே அழுதது. ஷரீபா பீவி போனைத் தூக்கிக்கொண்டு தங்கள் வீட்டுக்கே ஓடிவந்து, "பாவம் அந்தப் புள்ள! எம்மா, அது கை உன் கை மாதிரியே இருக்கு!" என்றார்.

தாங்கள் அளித்த மறுமொழியைப் பொன்னெழுத்தில் பொறிக்கலாம்: "நானும் இதையேதானே சொன்னேன்? மேக்கப் போட்டுக்கிட்டுச் சொல்லியிருக்கணுமோ?"

அதற்குப் பிறகு ஊரில் முடக்குவாதம் இல்லாத ஆளே இல்லை. குடம் தூக்கச் சொன்னால் ஆண்பிள்ளைகளெல்லாம் விரலை மடக்கிக் காட்டி, "எனக்கும் சித்ரலேகா சீக்கு" என்றார்கள். அந்தக் கபடி வீரருக்கும் இதுவாம், இந்தப் பாடகருக்கும் இதுவாம் என்று டீக்கடையில் பட்டியல் நீண்டது. அந்தப் பட்டியலில் கோமு என்ற பெயர் மட்டும் கடைசி வரை இல்லை.

அந்த மாதமே பாளையங்கோட்டையில் ஒரு மண்டபத்தில் முடக்குவாத விழிப்புணர்வு முகாம் நடந்தது. சிறப்பு விருந்தினர் சித்ரலேகா. மருந்துச் சீட்டோடு தாங்கள் போனீர்கள். நடிகையோடு படம் எடுத்துக்கொள்ளக் காசிலிங்கமும் போயிருந்தான். வாசலில் நின்ற ஆள் தங்கள் சீட்டைப் பார்த்துவிட்டு, "நோயாளியெல்லாம் அப்புறம் வாங்கம்மா, இப்போ விழிப்புணர்வு நடக்கு" என்று ஓரமாய் நிறுத்தினான். காசிலிங்கத்தை மாத்திரம் உள்ளே விட்டான். அவனுக்குத்தான் நோய் இல்லையே!

உள்ளே விழிப்புணர்வு பெற்ற ஊரே வரிசையில் நின்று நடிகையின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தது. குலுக்கி, அழுத்தி, ஆட்டி! அவரும் வலியில் முகம் வெளுக்க வெளுக்கச் சிரித்துக்கொண்டே நின்றார். காசிலிங்கமும் கையைத் துடைத்துக்கொண்டு முன்னேறினான். அப்போதுதான் வாசலிலிருந்து அந்தக் குரல் கேட்டது, தண்ணீர் லாரியையே நிறுத்துகிற தங்கள் குரல்: "ஏலே, கையை விடுங்கலே! அவுகளுக்கு வலிக்கும்லா! ஏ காசி, உனக்குந்தான் சொல்லுதேன்!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. நடிகை தங்களை அருகில் அழைத்தார். குலுக்கவில்லை, கும்பிட்டார். பிறகு அவர் கேட்டது இதுதான்: "உங்களுக்கு எத்தனை மணிக்கு அக்கா விரல் மடங்கும்?"

"ஏழு ஆயிரும்மா. உங்களுக்கு?"

"எட்டரை. அதனால ஷூட்டிங்கையே பத்து மணிக்கு மாத்திட்டாங்க."

"கொடுத்து வெச்சவுக. எனக்கு அஞ்சு மணிக்கே ஷூட்டிங்."

நடிகை சிரித்தார். மண்டபம் சிரித்தது. நீட்டிய கையோடு நின்ற காசிலிங்கத்துக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஆறு ஆண்டுகளாக யாரும் தங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அவனோ தங்கள் வீட்டிலிருந்து நான்காவது வீடு.

மறுநாள் அவனே அம்பலவாணன் ஐயா முன்னால் போய் நின்று காலைச் சுற்றைத் தன் பேருக்கு வாங்கிக்கொண்டான். மற்றத் தெருக்களுக்கான மாலைச் சுற்று தங்களுக்கு வந்தது. "என்னலே திடீர்னு?" என்று தாங்கள் கேட்டதற்கு, "சும்மாதாங்க்கா, காலைக் காத்து உடம்புக்கு நல்லதாம்லா" என்று தரையைப் பார்த்துச் சொன்னான். தங்கள் சாவியின் கைப்பிடியில் சைக்கிள் டியூப்பும் பழஞ்சேலையும் சுற்றியிருக்கும். "சாவிக்குச் சேலை கட்டிவிட்டாள்" என்று அதை முன்பு கேலி செய்தவனும் அவனே. முதல் நாள் பதினோராவது வால்வைத் திறந்துவிட்டு அந்தச் சேலையை மெல்லத் தடவிப் பார்த்தான். நல்லபடியாய் இருக்கிற கைக்கே அது அவ்வளவு சுகமாக இருந்தது.

இப்படி இரண்டு ஆண்டு ஓடிற்று. மொட்டைக் கடிதம் பற்றி அவன் வாயைத் திறக்கவில்லை. தங்களுக்கும் ஐயாவுக்கும் அது தெரியாதென்றே நம்பினான். போன செவ்வாய்க்கிழமை தாங்கள் அலமாரியை ஒழித்தபோது, மடித்த காகிதம் ஒன்றை அவனிடம் நீட்டி, "இந்தா, உன் சொத்து" என்றீர்கள். பிரித்தான். எட்டு ஆண்டுப் பழைய மனு. எந்தக் கடிதமானாலும் கடைசியில் கையெழுத்துப் போடாமல் விடக்கூடாது என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பாடத்தை அவன் நன்றாகவே படித்திருந்தான். மனுவின் அடியில் கொட்டை எழுத்தில் இருந்தது: "இப்படிக்கு, பெயர் சொல்ல விரும்பாத காசிலிங்கம்."

"எட்டு வருசமா தெரியுமாக்கா?" என்றான் அவன்.

"அன்னைக்கே ஐயா காட்டிட்டாருலே. நானும் அவரும் சிரிச்ச சிரிப்புல எனக்குக் கைவலியே மறந்துட்டு. அதுக்காவத்தான் உன்னைத் திட்டலை" என்றீர்கள். பிறகு சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னீர்கள்: "இத்தனை நாள் ஆபீசுக் குழாயிலயே குடத்தை நெறச்சுக்கிட்டேன், இனி நானும் தெரு வரிசையில நிக்கணும். அஞ்சு மணிக்கு. வால்வை விட்டாலும் அஞ்சு மணி என்னை விடாது போலுக்கு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். காசிலிங்கம் அன்று சாப்பிடவில்லை. காகிதத்தை எடுத்து உட்கார்ந்தான். இந்த முறை ஒரே நாளில் எழுதி முடித்தான். வாய்க்கால் கீழத்தெருவுக்கு இனி காலை ஏழு மணிக்குத் தண்ணீர் விட வேண்டும் என்று மனு. வீடு வீடாகப் போனான். முதல் கையெழுத்து ஷரீபா பீவி. அவர் தெருவுக்கும் அதே வால்வுதான். ஆறரை மணி பஸ்ஸுக்குப் போகும் கணேஷ்ராம் மட்டும், "நான் குளிக்காமலா வேலைக்குப் போவ?" என்று இழுத்தார். ஷரீபா பீவி அவரை ஏற இறங்கப் பார்த்து, "முந்தின நாளு பிடிச்ச தண்ணியில குளிச்சா கரைஞ்சா போயிருவீரு?" என்றார். நாற்பத்து மூன்று வீட்டுக் கையெழுத்தும் விழுந்தது. "தண்ணி தாமதமா வேணும்னு மனு வாரது என் சர்வீசுல இதான்வே மொதத் தடவை" என்று அம்பலவாணன் ஐயா தலையில் அடித்துக்கொண்டே ஆணையில் ஒப்பமிட்டார்.

இன்னொரு குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறோம். இவ்வளவும் அறிந்த நாங்கள் எல்லாரும் சேர்ந்து தங்களுக்கு வாங்கி வந்த நினைவுப் பரிசு, மோதிரம். எந்த விரலில் போடுவது என்று நேற்று மாலைதான் எங்களுக்கு உறைத்தது. விழிப்புணர்வு எங்களிடம் இன்னும் கணுக்கால் அளவுக்குத்தான் வந்திருக்கிறது. மோதிரத்தைச் சிவப்புக் கயிற்றில் கோத்திருக்கிறோம். கழுத்தில் அணிந்து எங்களை மன்னித்தருளுங்கள்.

அன்பின் ஊற்றே! ஆற்றின் அக்காவே! மாத்திரை தவறாமல், மருத்துவர் சொன்ன நாள் தவறாமல், மகளும் பேரப்பிள்ளைகளும் சூழ நெடுங்காலம் வாழுங்கள். நூறாண்டு வாழ்க என்று வாழ்த்துவது எல்லாரும் செய்வது. நாங்கள் வாழ்த்துகிறோம்: நாளை முதல் ஏழு மணி வரை தூங்குங்கள், அக்கா! இழுத்துப் போர்த்தித் தூங்குங்கள்! குழாயில் தண்ணீர் வந்து தங்களுக்காகக் காத்திருக்கும்.

இப்படிக்கு,
இம்முறை பெயர் சொல்ல விரும்பும் காசிலிங்கம்,
மற்றும் குடிநீர்ப் பிரிவுப் பணியாளர்கள் அனைவரும்.