கோபுரத்து மனிதனின் கை

மேடையில் வீற்றிருக்கும் நகரத்தலைவி ராம்போல்ட் அவர்களே, பாதிரியார் அவர்களே, தீயணைப்புப் படைத் தோழர்களே, கணவரை அடக்கம் செய்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் இர்ம்கார்ட் அம்மையார் அவர்களே, எக்கன்ரோட நகரத்துப் பெருமக்களே!

நம் வரலாற்றுக் கழகத் தலைவர் ஓட்ஃப்ரிட் க்லெம் போய்விட்டார். யார் இந்த க்லெம்? ஒவ்வொரு நகர விழாவிலும் நம் நகரச் சின்னத்தில் இருக்கும் மனிதனாக வேடமிட்டு, வாயில் கோபுரத்துச் சன்னலில் நின்று கையசைத்தவர். நாம் கீழே பீர் குடித்தோம். மாலைவரை அவரை உள்ளே வைத்துப் பூட்டியிருந்தோம். கேட்டால் மரபு என்போம்.

சின்னத்தில் இருப்பவன் யார்? பகைவர் ஓடியதும் மகிழ்ந்து கையசைத்த காவலன் என்றுதானே பள்ளியில் படித்தோம்? தேவாலய மணியைப் பழுதுபார்க்க இறக்கியபோது, அதில் வார்த்திருந்த பழைய சின்னத்தை க்லெம் துடைத்துப் பார்த்தார். சன்னலில் கம்பி இருந்தது. மணியின் விளிம்பில் அவன் கதையும் பொறித்திருந்தது. சந்தை நடத்தும் உரிமைக்காக, அன்று இந்தப் பகுதியை ஆண்ட ஆயரிடம், அதாவது பிஷப்பிடம், நம் ஊரார் பிணையாகக் கொடுத்த ஆள் அவன். ஆயர் அவனை நம் கோபுரத்திலேயே, நம் கண்ணெதிரே பூட்டினார். மீட்பதாகச் சொன்ன நாம் மீட்கவேயில்லை. பின்னால் சின்னத்தை வரைந்த ஓவியர் கம்பியை அழித்தார், அதைப் பிடித்திருந்த கையைக் கையசைப்பதுபோல விரித்துவிட்டார்.

கம்பியைத் திரும்ப வரையச் சொல்லி நகர மன்றத்தில் மன்றாடினார் க்லெம். தலைவி அவர்கள் என்ன சொன்னார்கள்?

"ஏங்க ஓட்ஃப்ரிட், விழாவுல விக்கிற பீர்க் கோப்பைச் சின்னத்துல ஜெயில் கம்பிய வரைஞ்சா யாருங்க வாங்குவா?"

"வாங்கலேன்னா போகட்டும்மா. அந்த ஆளு இன்னும் அங்கதானே நிக்கிறான்."

மன்றமே சிரித்தது. வெளியே வந்ததும், அவரோடு போயிருந்த எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அப்புறம் எதுக்கு வருஷா வருஷம் ஏறித் தொலைக்கிறீங்க?" என்றேன்.

"நான் ஏறலேன்னா உன்னைப் பிடிச்சு ஏத்துவாங்கடா."

அப்படியே நடந்தது. கல்லறையிலிருந்து திரும்பி, காப்பியும் கேக்கும் வருவதற்குள் தலைவி என் தோளைத் தட்டினார்கள். "இனிமே நீங்கதான். உடுப்பு உங்களுக்குச் சரியா இருக்கும்." நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். என்னை யார் கேட்டது? அம்மையார் மடியில் அந்த உடுப்பை மடித்து வைத்துக்கொண்டு என்னையே பார்க்கும்போது, மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வேன்? வாசலைப் பார்த்தால் அங்கே தீயணைப்புப் படையே நிற்கிறது.

சரி, ஏறுகிறேன். க்லெம் அவர்களே, உங்கள் பணியைத் தொடர்வேன் என்று உங்கள் படத்தின் முன்னே உறுதி சொல்கிறேன். ஆனால் கையசைக்க மாட்டேன். பேண்ட் வாத்தியம் வாசித்தாலும் சரி, பிள்ளைகள் கூப்பிட்டாலும் சரி, கம்பி இருந்த இடத்தில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நிற்பேன். கையசைக்கச் சொல்லிக் கீழேயிருந்து கத்தாதீர்கள். மேலே வந்து கதவைத் திறந்துவிடுங்கள்.