பாரம் ஏற்றிப் பார்த்த பதினேழு வண்டிகள்

நான் சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. மலைமேல் இருக்கிற முருகன் மேல் ஆணை. அவர் சாட்சி போதாதென்றால், முப்பத்தொரு வருஷம் பஸ் ஷெட்டில் டீசலில் ஊறிய இந்தக் கைகள் மேல் ஆணை.

பழைய டீசல் கார் வாங்கப் போகிறவர் காபிகூடக் குடிக்காமல் விடிந்ததும் போய் நிற்க வேண்டும். விற்கிறவர் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே பானெட்டைத் தொட்டுப் பார்த்துவிட வேண்டும். சூடாக இருந்தால் திரும்பி வந்துவிடலாம். டீசல் இன்ஜினின் யோக்கியதை ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் செய்தால்தான் தெரியும். அதனால்தான் நீங்கள் வருவதற்குள் ஓட்டிச் சூடாக்கி வைத்திருப்பார்கள். அடுத்தது, இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து பாருங்கள். குபுகுபுவென்று ஆவி வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் மிதந்தால் கேஸ்கெட் போய்விட்டது. கறுப்புப் புகைக்கு வைத்தியம் உண்டு. நீலப் புகை என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். பள்ளிப்பட்டிலிருந்து ஒரு வண்டி வந்தது. அது விட்ட புகையைப் பார்த்து, ரயில் வந்துவிட்டதென்று இரண்டு பேர் டிக்கெட் எடுக்க ஓடினார்கள். அதில் ஒருவர் அரக்கோணம் வரைக்கும் போயும் விட்டார்.

இவ்வளவு தெரிந்தவர் வண்டி பார்ப்பதை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு வந்திருக்கிறீர்கள். இந்த நாற்காலியிலிருந்து தெருமுனை தெரியாது. ஆனால் உங்கள் வீட்டுக்காரம்மாவும் பிள்ளைகளும் அதில் உட்கார்ந்து சிரிக்கிற சத்தம் நன்றாகக் கேட்கிறது. கொஞ்சம் இருக்கட்டும், சொல்கிறேன்.

எண்பத்து மூன்றாம் வருஷம் பரந்தாமன் என்னைத் தேடி வந்தான். பொதட்டூர்பேட்டையில் லுங்கி எடுத்து வந்து இங்கே கடை வைத்திருந்தவன். மனைவி பத்மா. ஒரே மகள் சந்திராவுக்கு ஐந்து வயது. இளம்பிள்ளை வாதத்தில் வலது கால் சூம்பிப்போனது. வாரம் இரண்டு தடவை வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து காலை நீட்டி மடக்கிப் பழக்கினால் கம்பி போட்டுக்கொண்டு நிமிர்ந்து நடப்பாள், விட்டுவிட்டால் முழங்கால் மடங்கியபடி இறுகிப்போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டு பஸ் மாற வேண்டும். பத்மா அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்வந்தாள். அதற்குத்தான் கார் வேண்டும் என்று பரந்தாமன் முதல் நாளே சொன்னான். எனக்குத் தெரியாமல் நடந்தது எதுவும் இல்லை.

காலியாக ஓட்டிப் பார்த்தால் எந்த வண்டியும் நன்றாகத்தான் ஓடும். நான் எப்போதும் பாரம் ஏற்றித்தான் பார்ப்பேன். வாங்குகிற குடும்பம் முழுக்க உள்ளே உட்கார வேண்டும். மலைப்பாதையில் கோயில் வரைக்கும் ஏற வேண்டும், இறங்க வேண்டும், ஒரு பத்து மைல் சமதரையிலும் போய் வர வேண்டும். எனக்குக் கூலி வேண்டாம், மதியச் சாப்பாடு போதும்.

முதல் வண்டி சுந்தர்சிங் வாத்தியாருடையது. பச்சை நிறம். தலை வலித்தால் தனக்கு மாத்திரை வாங்காதவர், வண்டிக்கு மட்டும் தேதி தவறாமல் ஆயில் மாற்றியவர். சொட்டுக் குறை கிடையாது. மலையிலிருந்து இறங்கி ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். பத்மா எனக்கு இரண்டாம் தடவை கேட்காமலே வைத்தாள். திரும்பும்போது சந்திரா என் மடியில் காலை நீட்டிப்போட்டுத் தூங்கிவிட்டாள். அவள் காலில் கட்டியிருந்த கம்பி என் தொடையில் அழுத்தியது. மரத்துப்போயிற்று. நான் அசையவில்லை.

என் வீட்டு வாசலில் வண்டி நின்றது. என் கதவைத் தட்டுகிறவர் கரண்டு மீட்டர் பார்க்க வருகிறவர் ஒருவர்தான், அதுவும் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. அவருக்காகக் காபி போட்டு வைப்பேன். வேலை இருக்கிறதென்று குடிக்காமல் போய்விடுவார். அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே, வண்டியை எடுத்துக்கொள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"வேணாம் பரந்தாமா. பம்புல சத்தம் வருது" என்றேன்.

பம்பில் சத்தம் வரவில்லை.

அடுத்த ஞாயிறு வேறொரு வண்டி வந்தது. அதற்கடுத்தும் வந்தது. ஒன்றுக்கு கிளட்ச் என்றேன், ஒன்றுக்கு ஹீட்டர் பிளக் என்றேன். நல்ல வண்டியில் குறை கண்டுபிடிப்பது கெட்ட வண்டியில் கண்டுபிடிப்பதைவிடக் கஷ்டம். அதற்குத் தொழில் தெரிந்திருக்க வேண்டும்.

"இன்னா நைனா, எல்லா வண்டியும் நொண்டின்னா நாங்க எதத்தான் வாங்கறது?" என்று பத்மா ஒருநாள் கேட்டாள். "இவள இடுப்புல தூக்கிகினு பஸ் ஏறி ஏறி எனக்கே ரிப்பேரு ஆயிடும் போலக்குது."

"நைனா பாத்துகினுதானே இருக்காரு" என்றான் பரந்தாமன். "அவசரப்பட்டு ஏமாறச் சொல்றியா?"

சந்திரா என் சட்டையை இழுத்தாள். "தாத்தா, இந்த வண்டியும் கெட்டதா?"

"ஆங். கெட்டது."

"அப்ப அடுத்த வாரமும் கோயிலுக்குப் போலாமா?"

பாருங்கள், குழந்தையே ஆசைப்பட்டது. இதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வேலூருக்கு வாரம் இரண்டு தடவை என்பது ஒன்றாயிற்று. பத்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகு மாதம் ஒன்றாயிற்று. முதல் வண்டியில் சந்திரா காலை நீட்டினால் குதிகால் என் முழங்காலைத் தாண்டும். ஆறாவது வண்டியில் முழங்காலோடு நின்றது. பதினோராவது வண்டியில் அது என் தொடைக்கு மேலேயே மடங்கிக் கிடந்தது. நான் கவனித்தேன். ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றில் எது தேய்கிறது, எது இறுகுகிறது என்று கவனிப்பதுதானே என் தொழில். அன்றைக்கு வந்த வண்டியும் நல்ல வண்டி. ஸ்டியரிங்கில் ஆட்டம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன்.

பதினாலு மாதத்தில் பதினேழு வண்டி. அதில் நிஜமாகவே குறை இருந்தவை நாலு.

பதினேழாவதை நான் பார்த்த வாரம் டாக்டரும் சந்திராவைப் பார்த்தார். முழங்கால் இறுகிவிட்டது, ஆபரேஷன் செய்தாலும் பாதிதான் நிமிரும் என்றார். பரந்தாமன் கடையைக் காலி செய்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே வீடு பிடித்தான். நான் முறுக்குப் பொட்டலத்தோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பத்மா மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். பரந்தாமன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"இனிமே வண்டி எதுக்கு நைனா. ஆனா ஒண்ணு, நீங்க இல்லன்னா எவன்கிட்டயாவது ஏமாந்து பூட்டிருப்போம்."

ஆமாம் என்றேன். பஸ் கிளம்பியபோது சந்திரா ஜன்னல் வழியாகக் கத்தினாள். "தாத்தா, இந்த பஸ்ஸு நல்லதா?" நல்லது என்று சொன்னேன். வண்டியைப் பார்த்து நான் அவளுக்குச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

ஆக, அந்தக் குழந்தையின் காலை மடக்கியது நான். வியாதி பாதி, நான் பாதி. அதனால்தான் தொழிலை விட்டேன். நாலு வருஷமாக எந்த வண்டியையும் தொடவில்லை. இதை ஒரு மனிதரிடம் சொல்வது இன்றைக்குத்தான். சொன்னபின் நெஞ்சு லேசாக இருக்கிறது. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட கிழவன் உங்களிடம் மறுபடி பொய் சொல்வானா?

அந்த நம்பிக்கையில் கேளுங்கள். நீங்கள் கொண்டுவந்த வண்டி வேண்டாம். நீலப் புகை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறு ஒன்று கொண்டு வாருங்கள். வீட்டுக்காரம்மாவையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு வராதீர்கள். பாரம் ஏற்றித்தான் பார்க்க வேண்டும்.

வந்தவர் ஆங் என்று தலையாட்டி, கைகூப்பிவிட்டுப் போனார்.

அவருடைய வண்டியை நான் பார்க்கவே இல்லை.